மாமனாரின் பட்டப்பெயர்

என் மாமனார் வெங்கடசாமியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவரைப் பற்றி ஒன்றிரண்டு நல்ல வார்த்தை வந்துவிட்டால், மாப்பிள்ளை ஐஸ் வைக்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பெங்களூர் நீலசந்திராவில் அவர் வீட்டு மாடியில் நானும் என் மனைவி ரூபினியும் குடியிருக்கிறோம். கீழே அவரும் அத்தை எல்லம்மாவும். நான் எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளுக்கு கேப் ஓட்டுகிறவன். வாசலில் வண்டியைக் கொஞ்சம் கோணலாக நிறுத்தினால் போதும், கீழேயிருந்து குரல் வரும். "மாப்ள, வண்டிய நேரா போடு. ரோடு இன்னா உங்கப்பன் ஊட்டு சொத்தா?" கல்யாணமான புதிதில் உறவு என்று பொறுத்துக்கொண்டேன். அப்புறம் பழக்கத்தில் பொறுத்துக்கொண்டேன். இப்போது வாடகை கேட்பதில்லை என்பதற்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.

மாநகராட்சியில் தெரு கூட்டுகிறவர்களுக்கு அவர் மேஸ்திரியாக இருந்தவர். விடிகாலையில் வார்டு ஆபீஸ் எதிரில் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஆஜர் எடுப்பார்கள். தாமதமாக வந்த பெண்களை எல்லோருக்கும் முன்னால் தனியாக நிற்க வைப்பது அவருடைய வழக்கம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி சொன்னாள். "காய்ச்சல் உனக்கா, உன் புள்ளைக்கா?" என்று கேட்டு அன்றைய ஆஜரை வெட்டிவிட்டார். நான் என் காதால் கேட்டது இது. யாரோ ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் பார்த்து, "நீ ஹிட்லர் மாதிரிய்யா" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. முறுக்கு மீசையை எடுத்துவிட்டு மூக்குக்குக் கீழே கட்டை மீசை வைத்துக்கொண்டார்.

நம் ஜனங்களுக்கு இந்தப் பேர் ஒரு பட்டம். கறாரான ஹெட்மாஸ்டர் ஹிட்லர், கறாரான மாமியார் ஹிட்லர். அந்த ஆள் யார், என்ன செய்தான் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. டிசிப்ளின் என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மாமனார் வீட்டுக் கூடத்தில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் இருக்கின்றன. தினமும் இரண்டுக்கும் பூ வைத்துக் கும்பிடுவார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் வாசலில் யாராவது "ஹிட்லர் அண்ணா" என்று கூப்பிட்டால், "இன்னாடா" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் செய்த ஒரே நல்ல காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். குப்பை வண்டி வந்தால் பெங்களூரில் "கசா" என்று கூவுவார்கள். கன்னடத்தில் கசா என்றால் குப்பை. சில வீடுகளில் வண்டியோடு வருகிற ஆளுக்கும் அதையே பேராக வைத்துவிடுவார்கள். அத்தையும் தெரு கூட்டினவர்தான். ஒரு நாள் மாடி வீட்டுக்காரன் ஒருவன், "ஏ கசா, இல்லி பா" என்று அத்தையை இங்கே வரச் சொல்லிக் கைதட்டிக் கூப்பிட்டிருக்கிறான். மாமனார் மாடி ஏறிப் போய் அவன் சட்டையைப் பிடித்து, "அவ பேரு எல்லம்மா. சொல்லு" என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் இறங்கினார். அதற்காக சஸ்பெண்டும் ஆனார். இந்த ஒரு விஷயத்துக்கு அவரை நான் மதிக்கிறேன். இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ரூபினிக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியில்தான் வேலை. இணையத்தில் ஜனங்கள் போடுகிற பதிவுகளைப் பார்த்து, எது இருக்கலாம், எதை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. தமிழ்ப் பதிவுகளை முன்பெல்லாம் கம்பெனி கண்டுகொண்டதே இல்லை. பிறகு ஏழெட்டு நாட்டு எம்.பி.க்கள் சேர்ந்து, ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்று பார்க்காமல், யூதர்கள் மீதான வெறுப்பை எதிர்த்து ஒரு கூட்டுக் குழு போட்டார்கள். ஒரு நாட்டு எம்.பி. தனியாகக் கேள்வி கேட்டால், எங்கள் தலைமை ஆபீஸ் உங்கள் நாட்டில் இல்லையே என்று கம்பெனிகள் கைகழுவிவிடுமாம். எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கேட்டால் எங்கே ஓடுவது? இங்கிலீஷில் மட்டும் சுத்தமாக இருந்தால் போதுமா, மற்ற மொழிகளில் என்ன நடக்கிறது என்று அவர்கள் கேட்ட பிறகுதான் தமிழுக்குத் தனி ஆட்களும் தனிப் பயிற்சியும் வந்தன.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்த ரூபினி அன்றைக்குச் சாப்பிடவில்லை. கீழே இறங்கிப் போய் அப்பாவின் எதிரில் நின்றாள்.

"ப்பா, அந்த ஆளு அறுவது லட்சம் யூதர கொன்னவன். கொயந்தைங்கள கூட உடல. அவன் பேர வெச்சிகினு இன்னா பெருமை உனக்கு?"

"யுத்தம்னா நாலு பேரு சாவத்தான் செய்வான்" என்றார் அவர். "அவன் டிசிப்ளின பாரு. நீ போய் உன் வேலைய பாரு."

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். எங்கள் தெருவில் இளைஞர் சங்கத் தலைவன் என்று சொல்லிக்கொள்கிற கிரண் என்று ஒருவன் இருக்கிறான். பிறந்தால் ஒரு ஃபிளெக்ஸ், காது குத்தினால் ஒரு ஃபிளெக்ஸ், செத்தால் ஒரு ஃபிளெக்ஸ் என்று கட்டிவிடுவான். மாமனாருக்கும் ஒன்று கட்டினான். இரண்டு மின்கம்பத்துக்கு நடுவில், மாடி உயரத்துக்கு. மாமனாரின் தலையைப் பட்டாளத்து உடுப்பில் ஒட்டவைத்து, கையைத் தூக்கி நிற்க வைத்திருந்தான். கையில் சிவப்புப் பட்டி, அதில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பாக நாஜிகளின் அந்த வளைந்த சிலுவை. பின்னால் குப்பை வண்டி. கீழே பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: "அவர் ஒழித்தது யூதரை! எங்கள் அண்ணன் ஒழித்தது குப்பையை! நீலசந்திராவின் ஹிட்லர் வாழ்க!"

ரூபினி கம்பத்தடியிலேயே கிரணைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்ரா குப்பை? ஜனங்கள குப்பைன்னு எய்திகீற, அறிவு கீதா உனக்கு?"

"அக்கா, அது பஞ்ச் அக்கா. நெட்ல தேடி எடுத்தேன். மஸ்தா கீது இல்ல?" என்று சிரித்தான் அவன். "இங்க யூதரு எவன் கீறான்? யாருக்கு அக்கா வலிக்கப் போவுது?"

அப்பாவிடம் போனாள். இறக்கச் சொல்லு என்று கெஞ்சினாள், பிறகு கத்தினாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பெத்த அப்பனுக்கு ஊரே மரியாதை பண்ணுது. உனக்கு மட்டும் வயிறு எரியுதா?" என்றார். விழா நடந்தது. பட்டாசு வெடித்தது. கிரண் அதை வீடியோ எடுத்து அவனுடைய பக்கத்தில் போட்டான். எவன் எவனோ பார்த்து, எவன் எவனோ சிரித்தான். சிலர் புகாரும் கொடுத்தார்கள். புகார் சுற்றிச் சுற்றி எங்கே வரும்? ரூபினியின் கம்ப்யூட்டருக்குத்தான் வந்தது.

சொந்தக்காரர்கள் சம்பந்தப்பட்ட பதிவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. பக்கத்து சீட் உஷாவிடம் கொடுத்துவிட்டாள். உஷா பார்த்தாள், எடுத்துவிட்டாள். கிரணின் பக்கமும் முடங்கியது. ரூபினி எங்கே வேலை செய்கிறாள் என்று தெருவுக்கே தெரியும். அன்றிலிருந்து எங்களுக்குச் சனி பிடித்தது. என் வண்டி டயரில் ஆணி. தண்ணீர் டேங்கர் வந்தால் அத்தையின் குடத்தை வரிசையிலிருந்து தள்ளிவைப்பார்கள். எங்கள் வீட்டைக் கடக்கும்போது கிரணின் பையன்கள் விறைப்பாகக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். இதெல்லாம் போதாதென்று மாமனார் மகளோடு பேச்சை நிறுத்திவிட்டார். பெத்த அப்பன் மூஞ்சியையே அழிச்சவ என்று அத்தையிடம் சத்தமாகச் சொல்வார், மாடிக்குக் கேட்கும்படி.

பெரிய அடி பிறகுதான் விழுந்தது. எம்.பி.க்கள் குழு மறுபடி கூடப்போகிறது, தமிழில் நாங்கள் என்ன கிழித்தோம் என்று காட்ட வேண்டும் என்று கம்பெனி உதாரணம் தேடியது. ரூபினியின் மேனேஜர் சிந்தியா பொறுக்கி எடுத்தது இந்த ஃபிளெக்ஸைத்தான். முகம் பளிச்சென்று தெரியும் படம். வாசகத்தை இங்கிலீஷில் எழுதித் தா என்று ரூபினியிடமே கொடுத்தாள்.

"சிந்தியா, இவரு எங்கப்பா" என்றாள் ரூபினி. "மூஞ்சிய மட்டும் மறைச்சிடுங்க. இவரு லீடரு கீடரு ஒண்ணும் இல்ல. ரிட்டயர் ஆன மேஸ்திரி."

"சாரிப்பா, நிஜமா ஃபீல் பண்றேன். ஆனா அது பப்ளிக் ஃபங்ஷன்தானே, ஏற்கெனவே மேல அப்ரூவ் ஆயிடுச்சு" என்று சிந்தியா சொல்லிவிட்டாள். ஆயிரக்கணக்கில் எடுக்காமல் விட்டதைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாது. அதற்கு ஒரு குப்பை மேஸ்திரியின் முகம் வசதியாகக் கிடைத்தது. எனக்குப் பிடிக்காத ஆள்தான் அவர், ஆனால் இந்தக் கம்பெனிக்காரர்களை அதைவிடப் பிடிக்காமல் போயிற்று.

ரூபினி எழுதிக்கொடுத்தாள். குப்பை என்ற இடத்தில் கொஞ்சம் பூசி மெழுகியிருக்கலாம். அவள் குப்பையைக் குப்பை என்றேதான் எழுதினாள். படம் குழுவின் அறிக்கையில் சேரப்போகிறது என்று தெரிந்தது. அச்சாகிவிட்டால் அத்தனை நாட்டு நாடாளுமன்றத்திலும் அது கிடக்கும். யூத வெறுப்பு தமிழில் எப்படி இருக்கும் என்று யார் தேடினாலும் என் மாமனார்தான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். பெண்ணுக்குத் தூக்கம் போனது. ஆபீஸுக்குச் சொல்லாமல் குழுவுக்கு அவளே மெயில் எழுதினாள்.

பதில் வந்தது. குழுவில் இருக்கிற ஒரு வயதான பெண் எம்.பி. எழுதியிருந்தார். மரியாதையான எழுத்து. முகத்தை மறைக்கலாம், ஆனால் மகள் கேட்டால் போதாது, அவரே கேட்க வேண்டும்; அறிக்கை அச்சுக்குப் போவதற்குள் வீடியோவில் அவரோடு பேச விரும்புகிறேன் என்றார். ஆபீஸுக்கும் விஷயம் தெரிந்து ரூபினியைத் தமிழ்ப் பிரிவிலிருந்து தூக்கிவிட்டார்கள். அதையெல்லாம் அவள் லட்சியம் செய்யவில்லை. கீழே ஓடினாள். மாதக்கணக்கில் பேசாத அப்பாவிடம், "ஒரே ஒரு வார்த்த ப்பா. மறைச்சிடுங்கன்னு சொல்லு, போதும்" என்றாள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். அத்தையைப் பார்த்துச் சொன்னார். "ஏய், கேட்டியா? ஏயு நாட்டு எம்.பி. என் மூஞ்சிய பாத்துகீறாங்க. நம்ம வார்டு கார்ப்பரேட்டரு மூஞ்சிய எவன் பாத்தான்? மறைக்கணுமாமே. நான் இன்னா திருடனா?" அன்று சாயங்காலமே டீக்கடையில் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கிரண் அவருக்குச் சால்வை போட்டானாம். கிடக்கட்டும் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மனிதர் கேட்டு வாங்கிக்கொள்கிற அவமானம், நடுவில் நாம் யார்?

ரூபினியால் அப்படி இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கூடத்தில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, போனில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். ஏதோ வெளிநாட்டுத் தெரு. கோட்டு போட்ட ஆண்களும் நல்ல உடுப்பில் பெண்களும் முட்டி போட்டுக்கொண்டு, சின்ன பிரஷ்ஷால் தரையைத் தேய்க்கிறார்கள். சுற்றிலும் கூட்டம். கூட்டம் சிரிக்கிறது.

அவர் மேஸ்திரியாகத்தான் முதலில் பார்த்தார். "இப்டி தேச்சா மத்தியானத்துக்குள்ள இடுப்பு பூடும்" என்றார். பேச்சை நிறுத்தியவர் என்பது அவருக்கே மறந்துவிட்டது. "நீட்டு துடப்பம் குடுக்கறதுக்கு இன்னா? யாரு இதுக்கு மேஸ்திரி?"

ரூபினி விரலை வைத்து படத்தைப் பெரிதாக்கினாள். கூட்டத்துக்கு முன்னால் உடுப்பு போட்ட ஒருவன் நின்றான். "இந்தா, இவன்தான் மேஸ்திரி. கையில பாரு. பேனர்ல நீ கட்டிகினு நிக்கறியே, அதே துணி."

அவர் இட்லியைக் கீழே வைத்தார்.

"கீய குந்திகீறவங்க யாரு? கூட்றவங்களா?"

"டாக்டரு, வாத்தியாரு, கடை வெச்சிருந்தவங்க. யூதருங்க. அந்தப் பொறப்புல பொறந்தாங்க, அவ்ளோதான் தப்பு."

"அதுக்கு எதுக்கு சிரிக்கிறானுங்க?"

அத்தை அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் அத்தையின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். "நான் ரோட்ல குனிஞ்சி கூட்ட சொல்ல எவனும் சிரிக்கலியா? நீ பாத்ததில்லியா?"

"அப்பால இவங்கள குப்பைன்னு சொல்லித்தான் அள்ளிகினு போயி கொன்னாங்க ப்பா" என்றாள் ரூபினி. அழுகையும் கோபமுமாக இருந்தது குரல். "அதத்தான் உன் மூஞ்சிக்குக் கீய எய்தி தொங்க உட்டுகீறான். அம்மாவ ஒருத்தன் கசான்னு கூப்ட்டதுக்கு நீ சட்டைய புடிச்சே. இப்ப நீதான் ப்பா மாடியில நின்னு கூப்புட்ற."

அவர் கையைக் கழுவினார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் கறிக்கத்தியோடு ஏணி போட்டு, இன்னும் தொங்கிக்கொண்டிருந்த ஃபிளெக்ஸின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். கிரண் ஏணியைப் பிடித்து ஆட்டியிருக்கிறான். இறங்கி வந்தவர் முட்டியில் ரத்தம். மாடிப்படி ஏறி எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அந்தம்மாவ கூப்புடு" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பேசினார்கள். கூடத்தில், புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மீசையை மழித்திருப்பார் என்று நினைத்தேன். கட்டை மீசை அப்படியே இருந்தது. போனில் நரைத்த முடியோடு அந்த எம்.பி. தெரிந்தார். வணக்கம் சொல்லிவிட்டு, உங்கள் முகத்தை மறைக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா என்று கேட்டார். ரூபினி அதைத் தமிழில் சொன்னாள்.

"வேணாம்" என்றார் மாமனார்.

ரூபினி திரும்பி, "ப்பா!" என்றாள்.

"நான் சொல்றத சொல்லு. அன்னிக்கு இங்கிலீஷ்ல குப்பைய குப்பைன்னுதான் எய்தினேன்னு சொன்னே இல்ல? இப்பவும் உள்ளது உள்ளபடி சொல்லு." போனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "மூஞ்சிய மறைச்சா வேற எவனோன்னு நெனப்பாங்கம்மா. அது நான்தான். இந்த மீசையோட பாக்கட்டும்னுதான் மயிக்காம குந்திகீறேன். எம் பொண்டாட்டிய ஒருத்தன் குப்பைன்னு கூப்ட்டான், அவன் சட்டைய நான் மாடி ஏறி புடிச்சேன். யூத ஜனங்கள அதே வார்த்தைய சொல்லிகீது, அதுக்கு மேல நான் சிரிச்சிகினு நின்னேன். தெரியாம நின்னேன்னு சொல்ல மாட்டேன். எம் பொண்ணு சொல்லிச்சு. நான் கேக்கல. போட்டோ அப்டியே இருக்கட்டும். பக்கத்துல இதையும் போடுங்க. எம் பேரு வெங்கடசாமி. வேற பேரு போடாதீங்க."

ரூபினி ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.  அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, உங்கள் மனைவியின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னதும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். நடு எழுத்தெல்லாம் காணாமல் போய் என்னவோ போல வந்தது.

"சரியா சொல்ல சொல்லு" என்றார் மாமனார். எம்.பி. என்றும் பார்க்கவில்லை. அந்த அம்மாள் எல்லம்மா என்று சரியாகச் சொல்லும் வரைக்கும் விடவில்லை. எனக்குக் கண் கலங்கியது. அவருக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

அறிக்கை வந்தது. படம் இருக்கிறது, முகம் இருக்கிறது, பக்கத்தில் அவர் சொன்னதும் இருக்கிறது. அவர் மீசையை எடுத்துவிட்டார். ரூபினிக்குத் தமிழ்ப் பிரிவு திரும்பக் கிடைக்கவில்லை.

பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. தெரு அதை விடுவதாக இல்லை. போன வாரம் டீக்கடைக்கு முன்னால் கிரண், வேண்டுமென்றே, "ஹிட்லர் அண்ணா, டீ சாப்புட்றீங்களா?" என்று கத்தினான். மாமனார் நேராகப் போய் அவன் சட்டையைப் பிடித்தார். "எம் பேரு வெங்கடசாமி. சொல்லு" என்றார். கிரண் பிடியிலிருந்தபடியே கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். "பாத்தீங்களாடா? ஹிட்லரு எப்பவும் ஹிட்லருதான்!" என்றான். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் கை சட்டையிலிருந்து தானாக இறங்கியது. சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ரோட்டு நடுவில் நின்றார்.

நான் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். மாமனாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாப்பிள்ளை எங்கள் வழக்கத்தில் கிடையாது. பெண்ணைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுகிற அளவுக்கு அது குற்றம்.

"வெங்கடசாமி!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "ஊட்டுக்கு வாங்க!"

சிரிப்பு நின்றது. அவர் திரும்பினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வண்டி கோணலாக நிற்கிறது என்று திட்டிக்கொண்டே கூட வந்தார்.